மருந்தும் அதைத் தரும் கையும்

திங்கட்கிழமைக் காலைகளில் நம் பகுதி அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகள் திருவிழாக் கூட்டம்போல் நிரம்பி வழிவதை வாசகர்கள் அறிவார்கள். செந்துறைப் பக்கத்து முந்திரிக் காடுகளிலிருந்தும், செட்டிகுளம் வட்டாரத்துச் சின்ன வெங்காய வயல்களிலிருந்தும், அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளிலிருந்தும் வந்தவர்கள் கையில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்பர். மருத்துவர் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. அவர் சீட்டில் எழுதுகிறார். நோயாளி அதை எடுத்துக்கொண்டு மருந்து வழங்கும் இடத்திற்கு நடக்கிறார். அங்கே சன்னலுக்கு உள்ளிருந்து ஒரு கை நீண்டு, மாத்திரை அட்டைகளைத் தருகிறது. அந்தக் கைக்கு உரியவர் இரண்டொரு சொல் சொல்லுகிறார். அல்லது சொல்லாமல் விடுகிறார். நோயாளி வீடு திரும்பியபின் அவருக்கு நலம் விளைவதும் கேடு விளைவதும் பல வேளைகளில் அந்த இரண்டொரு சொற்களைப் பொறுத்தே அமைகின்றன.

இது மிகைக் கூற்று அன்று. திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் படித்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று அவ்வதிகாரத்தின் கடைசிக் குறள் வகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து அம்மருந்தைப் பக்குவமாகக் கொடுப்பவனையும் நான்காவதாக வள்ளுவர் சேர்த்தார். 'உழைச்செல்வான்' என்பது அவர் அவனுக்கு இட்ட பெயர். மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் இன்றுள்ள வடிவில் இல்லாத காலத்திலேயே, மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நிற்கும் இந்த உதவியாளனின் இன்றியமையாமை உணரப்பட்டிருந்தது. அந்த நான்காம் கூறு அறிந்திருக்க வேண்டிய மருந்தியலின் அடிப்படைகளைப் பற்றியே இக்கட்டுரையில் காண்போம். நம் பங்குக் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் செவிலியர் பயிற்சிக்கும் மருந்தாளுநர் பட்டயப் படிப்புக்கும் செல்கிறார்கள். அவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டில் முதியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைக்கும்கூட இது பொருந்தும்.

இந்த உதவியாளர் யார்?

முன்னாளில் இவர் 'கம்பவுண்டர்' எனப்பட்டார். மருத்துவர் எழுதிய குறிப்பின்படி பொடிகளையும் திரவங்களையும் நிறுத்தும் அளந்தும் கலந்து, கண்ணாடிப் புட்டியில் ஊற்றித் தருவார். புட்டியின் பக்கத்தில் நீளமான காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் ஓரத்தைப் படிபடியாக வெட்டியிருப்பார். ஒரு வேளைக்கு ஒரு படி. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அந்த வெட்டைப் பார்த்து அளவு தவறாமல் அருந்தினாள். எளிய ஏற்பாடுதான், ஆனால் மருந்து கொடுப்பதோடு தன் கடமை முடிந்துவிடவில்லை என்று உணர்ந்தவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

இன்று கலவை மருந்துகள் அருகிவிட்டன. மாத்திரைகள் ஆலைகளிலிருந்தே அட்டையிட்டு வருகின்றன. 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம், மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் பொறுப்பைப் பதிவு பெற்ற மருந்தாளுநரிடம் ஒப்படைத்துள்ளது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாகப் பகிர்ந்தளிக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்த் தடுப்புப் பணிக்குழு 2024-இல் இத்திட்டத்திற்கு விருது வழங்கிச் சிறப்பித்தது.

ஆகவே மருந்தாளுநர், செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர், தன்னார்வலர், தனியார் மருத்துவரிடம் பணிபுரியும் உதவியாளர் ஆகிய யாவரும் இந்த நான்காம் கூற்றைச் சேர்ந்தவர்களே. மருந்தை முடிவு செய்வது இவர்கள் வேலை அன்று; அது மருத்துவரின் உரிமை. முடிவு செய்யப்பட்ட மருந்து உரியவரின் உடலில் உரியவாறு சேரும்படி பார்த்துக்கொள்வதே இவர்கள் வேலை. அதற்கு முதலில் மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

உடலுக்குள் மருந்தின் பயணம்

விழுங்கிய மாத்திரை நேரே நோயுள்ள இடத்திற்குப் போய்ச் சேருவதில்லை. அதன் பயணத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் அது வயிற்றிலும் குடலிலும் கரைந்து உறிஞ்சப்படுகிறது. பின்னர் இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் பரவுகிறது. மூன்றாவதாக, பெரும்பாலும் கல்லீரல் அதைச் சிதைத்து மாற்றுகிறது. முடிவில் சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இந்நான்கில் எங்கே தடை நேர்ந்தாலும் மருந்தின் பயன் குறையும், அல்லது அதுவே நஞ்சாகும்.

முதற் கட்டத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு. கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. அதை விழுங்கியவுடன் தேநீர் அருந்தினால், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சையோ நெல்லிக்கனியோ சேர்த்தால், இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் கொடுப்பதும் ஆகாது. மலம் கறுத்துப் போகும் என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் அஞ்சி மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துவிடுவாள். இரத்தசோகையோடே பிரசவ அறைக்குப் போவாள்.

கடைசி இரு கட்டங்களும் இன்னும் கவனத்திற்குரியவை. முதியவர்களுக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருக்கும். இளைஞனுக்குப் பொருந்தும் அளவு அவர்களுக்கு மிகையாகலாம். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, இரத்த அழுத்த மாத்திரையின் பயனையும் குறைத்துவிடும். வெயிலில் நீர் வற்ற வேலை செய்யும் உழவருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் இந்தத் தீங்கு இரட்டிப்பாகும்.

மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறுபடும். காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. இரத்த அழுத்தத்திற்குத் தரும் அம்லோடிபின் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. ஆகையால்தான் முன்னதை ஒரு நாளில் பல முறையும், பின்னதை ஒரே முறையும் கொடுக்கிறார்கள். இந்தக் காரணம் தெரிந்த உதவியாளர், 'ஒரு மாத்திரை போதுமா?' என்று ஐயுறும் நோயாளிக்கு நம்பிக்கையூட்டும் விடை சொல்ல முடியும்.

சீட்டில் வாழும் இலத்தீன்

குருமடத்தில் இலத்தீன் பயின்றோர்க்கு மருத்துவரின் சீட்டு ஒரு வியப்பு. திருவழிபாட்டில் தாய்மொழி புகுந்து பல பத்தாண்டுகள் ஆகியும், மருந்துச் சீட்டில் இலத்தீன் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. சீட்டின் தலைப்பில் காணும் குறி 'ரெச்சிபே' என்னும் சொல்லின் சுருக்கம். 'எடுத்துக்கொள்' என்பது பொருள். ஓ.டி. என்பது 'ஓம்னி தியே', அதாவது நாள்தோறும் ஒரு முறை. பி.டி. என்பது 'பிஸ் இன் தியே', நாளுக்கு இரு முறை. டி.டி.எஸ். என்பது 'தெர் தியே சுமெந்தும்', நாளுக்கு மும்முறை உட்கொள்ளத்தக்கது. எச்.எஸ். என்பது 'ஹோரா சோம்னி', உறங்கும் வேளை. எஸ்.ஓ.எஸ். என்பது 'சி ஓபுஸ் சித்', தேவை நேர்ந்தால் மட்டும்.

இந்த எழுத்துகளை நோயாளி அறியமாட்டார். அவற்றைக் காலை, மதியம், இரவு என்று மாற்றி, உணவுக்கு முன்னா பின்னா என்பதையும் சேர்த்து, அட்டையின்மேல் கோடிட்டோ உறையில் எழுதியோ தருவது உதவியாளரின் முதற்கடமை. 1-0-1 என்று எழுதுவது இன்று பரவலான வழக்கம். காலையும் இரவும் ஒவ்வொன்று, மதியம் இல்லை என்பது அதன் பொருள். அதையும் வாயால் ஒரு முறை சொல்லிவிடுவது நன்று. சொன்னதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்வது இன்னும் நன்று. அரை நிமிடம்கூடப் பிடிக்காத இந்தப் பழக்கம் பல துன்பங்களைத் தவிர்க்கும்.

சில மருந்துகளில் வேளை தவறுவது உயிருக்கே தவறு. மூட்டுவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. அதை நாள்தோறும் விழுங்கியவர்கள் எலும்பு மச்சை அழிந்து இறந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. 'வாரம் ஒன்று, திங்கட்கிழமை மட்டும்' என்று கிழமையின் பெயரையே உறையில் எழுதிவிட வேண்டும்.

ஐந்து சரிபார்ப்புகள்

செவிலியர் பயிற்சியில் தொடக்கத்திலேயே ஐந்து செய்திகளை மனத்தில் பதிக்கிறார்கள். உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்பவை அவை. கேட்பதற்கு மிக எளியவை. கூட்ட நெரிசலில் தவறுவதற்கும் மிக எளியவை.

உரிய நோயாளி: நம் ஊர்களில் ஒரே பெயருடையோர் எத்தனை பேர்! ஆரோக்கியசாமி என்று அழைத்தால் வரிசையில் மூவர் திரும்பிப் பார்ப்பர். பெயரோடு தந்தை அல்லது கணவர் பெயர், வயது, ஊர் ஆகியவற்றையும் கேட்டறிந்தே மருந்து கொடுக்க வேண்டும்.

உரிய மருந்து: ஒலியில் ஒத்த பெயர்கள் பல உள்ளன. குளோர்ப்ரோமசின் மனநோய்க்கு உரியது. குளோர்ப்ரோபமைட் நீரிழிவுக்குத் தரப்பட்ட பழைய மருந்து. ஓரெழுத்து மயங்கினால் நோயே மாறிவிடும். எழுத்து விளங்காவிட்டால் ஊகிக்கலாகாது. எழுந்து சென்று மருத்துவரிடம் கேட்பதில் இழிவு எதுவும் இல்லை.

உரிய வழி: நெஞ்சு வலிக்கு நாவின் அடியில் வைக்கும் சிறு மாத்திரை அங்கேயே கரைந்து இரத்தத்தில் கலக்கும்படி அமைந்தது. அதை விழுங்கினால் பயன் தாமதமாகும். உட்கார்ந்த நிலையில் வைத்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டும்; இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும். தசையில் போடவேண்டிய ஊசியை நரம்பில் ஏற்றுவதும், காதுக்குரிய சொட்டு மருந்தைக் கண்ணில் விடுவதும் வழி தவறியதன் கொடுமைகளே.

அளவையும் நேரத்தையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். ஏனெனில் இவ்விரண்டிலும்தான் நம் வீடுகளில் மிகுதியான தவறுகள் நேர்கின்றன.

குழந்தையும் ஊசிமருந்தும்: அளவின் கணக்கு

குழந்தைக்குரிய மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். ஆனால் கடைகளில் இம்மருந்து ஒரே செறிவில் கிடைப்பதில்லை. ஒருவகைச் சிரப்பில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் இருக்கும். மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டரில் 250 இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கும். 'ஐந்து மில்லி கொடுங்கள்' என்று மட்டும் கேட்டு வந்த தாய், சிரப்புக்கு மாறாகச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி கொடுத்துவிட்டால், குழந்தையின் வயிற்றில் 500 மில்லிகிராம் சேர்ந்துவிடும். அது உரிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மிகையான பாராசிட்டமால் கல்லீரலை அழிக்கும். அதுவும் முதல் நாளில் வெளித்தோன்றாமல், சில நாள் கழித்தே தன் கொடுமையைக் காட்டும்.

ஆதலால் எந்தப் புட்டி, எத்தனை மில்லிலிட்டர் என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுக்களைக் கரண்டியால் அளக்காமல், புட்டியோடு வரும் அளவு மூடியையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும். பெரியவர்களும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்துள்ளது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என விழுங்குபவர் தாம் ஒரே மருந்தை மூன்று பெயரில் விழுங்குவதை உணர்வதில்லை. நாளொன்றுக்கு 4 கிராம் என்பதே வளர்ந்தவர்க்கு உச்ச வரம்பு. மெலிந்தோர்க்கும் மது அருந்துவோர்க்கும் அதனினும் குறைவு.

இருமல் மருந்தைப் பற்றியும் ஒரு சொல். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் அருந்திய குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அச்சிரப்பில் டைஎதிலின் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பது நமக்கெல்லாம் வேதனை. ஆலையின் குற்றத்திற்கு உதவியாளர் பொறுப்பல்லர். எனினும் அதையடுத்து மத்திய அரசு வெளியிட்ட அறிவுரையை அவர் அறிந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கலாகாது. ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கும் பொதுவாக அவை வேண்டுவதில்லை என்பதே அந்த அறிவுரை. பெரும்பாலான குழந்தைகளின் இருமல் தானே தணிவது.

இன்சுலினுக்கு வேறொரு கணக்கு உண்டு. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொரொண்டோ நகரில் மரண வாயிலில் இருந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட இம்மருந்து, அன்றுமுதல் கோடானுகோடி மக்களை வாழவைத்து வருகிறது. நம் நாட்டில் இது இரு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு, ஒரு மில்லிலிட்டரில் 100 அலகு. இவற்றுக்கென ஊசிக்குழல்களும் இரு வகை. 40 அலகுக்கு உரியதன் மூடி சிவப்பு, 100 அலகுக்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 அலகுச் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே செல்வது 20 அலகு அன்று, 50 அலகு. இரவில் அதைப் போட்டுக்கொண்டு உறங்கியவர் காலையில் எழாமலே போகலாம். குப்பியையும் குழலையும் ஒருசேரக் கையில் வைத்துக் காட்டி விளக்குவது உதவியாளரின் கடமை.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை எங்கே வைப்பது? ஈரமணல் இட்ட மண்பானைக்குள், நீர் புகாத சிறு டப்பாவில் குப்பியை மூடி வைக்கலாம். பெட்டி உள்ள வீடுகளில் பனிக்கட்டி உறையும் அறையில் வைக்கலாகாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

உண்ணாமல் வயலுக்குச் சென்றவர்

நேரத்தின் இன்றியமையாமைக்கு நம் மண்ணுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுவோம். நீரிழிவுக்கு அரசு மருத்துவமனைகளில் பெரிதும் தரப்படுபவை மெட்பார்மினும் கிளிமிப்ரைடும். மெட்பார்மின், கல்லீரல் சர்க்கரையை மிகுதியாக வெளிவிடாதபடி தடுக்கிறது. அது தனியே சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. வயிற்றைப் புரட்டும் என்பதால் உணவோடு அல்லது உணவுக்குப் பின் அதைக் கொடுக்கிறார்கள். கிளிமிப்ரைடு அப்படிப்பட்டதன்று. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. அவர் உண்டாரா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை.

வெங்காய அறுப்புக் காலத்தில் கூலியாட்கள் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவார்கள். ஒரு பெண் காலையில் 'மருத்துவர் சொன்னாரே' என்று கிளிமிப்ரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, கஞ்சியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சி குடிப்பது வெயில் ஏறிய பிறகுதான். இடையில் குனிந்து உழைக்கிறாள். உழைப்பும் சர்க்கரையைக் குறைக்கிறது, மாத்திரையும் குறைக்கிறது. உடல் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு அவள் சாய்கிறாள். வெயில் மயக்கம் என்றோ, பேய் அறைந்தது என்றோ பிறர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது சர்க்கரை தாழ்ந்த நிலை. நீடித்தால் மூளை பாதிக்கப்படும், உயிரும் போகும்.

இதைத் தடுக்க மருந்து கொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'அம்மா, முதல் கவளம் உண்ணும்போதுதான் இந்த மாத்திரை, சோறு இல்லையேல் மாத்திரையும் இல்லை.' கூடவே, மடியில் சிறிது சர்க்கரையோ வெல்லமோ முடிந்துகொள்ளச் சொல்லலாம். நடுக்கமும் வியர்வையும் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு இரத்த அழுத்தத்தில் நேர்கிறது. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உயர்ந்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. காட்டும்போது பக்கவாதமாகவே காட்டும். 'நலமாக இருப்பது மாத்திரையால்தான்; ஆகவே நிறுத்த வேண்டாம்' என்று ஒவ்வொரு மாதமும் சொல்லத் தகும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில் வறட்டு இருமல் தரலாம். இவற்றை முன்னரே அறிந்த நோயாளி மருத்துவரிடம் திரும்பி வருவார். அறியாதவர் மருந்தை விட்டுவிடுவார்.

ஊசி மோகமும் பாதிச் சிகிச்சையும்

'ஊசி போடாத வைத்தியரும் ஒரு வைத்தியரா?' என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. விழுங்கக்கூடியவருக்கு மாத்திரையே பல நோய்களில் போதுமானது. ஊசியில் தொற்றும் உண்டு, ஒவ்வாமையும் உண்டு. குறிப்பாகப் பெனிசிலின் இனத்து மருந்துகள் சிலருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறலையும் மயக்கத்தையும் உண்டாக்கும். முன்னர் எந்த மருந்திலேனும் தடிப்போ வீக்கமோ வந்ததுண்டா என்று கேளாமல் ஊசியை எடுக்கலாகாது. ஊசிக்குப்பின் அரை மணி நேரம் நோயாளியை உட்கார வைக்க வேண்டும். அட்ரினலின் குப்பி கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அதுவே முதல் மருந்து. அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்துவதே உயிர் காக்கும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் வேறொரு பொறுப்பும் உண்டு. 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் கொடுத்தால் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். இன்று அது கண்கூடாகிவிட்டது. சீட்டில் எழுதியபடி முழு நாளும் உட்கொள்ள வேண்டும். எஞ்சியதை அடுத்த வீட்டாருக்குத் தானம் செய்யலாகாது. அட்டையில் சிவப்புக் கோடு இட்ட மருந்துகள் மருத்துவரின் சீட்டின்றி வாங்கத்தகாதவை. வைரசுக் காய்ச்சலுக்கு இவற்றால் பயனே இல்லை.

சேத்துப்பட்டு கற்பித்த பாடம்

நான்காம் கூற்றின் வலிமையை உலகுக்குக் காட்டிய ஆய்வு ஒன்று நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதில் இணைந்திருந்தன. காசநோயாளர் ஓராண்டு மருத்துவமனையில் படுத்து, நல்லுணவும் ஓய்வும் பெற்றாலன்றிக் குணமாகார் என்பதே அன்றைய நம்பிக்கை. அந்நிலையம் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மற்றவரை நெரிசல் மிகுந்த அவர்தம் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் வறுமையோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கும் நோய் மிகுதியாகப் பரவவில்லை. குணப்படுத்தியது தவறாமல் உட்கொண்ட மருந்தே என்பது புலனாயிற்று.

ஆனால் 'தவறாமல்' என்ற அச்சொல்லில்தான் சிக்கல் இருந்தது. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். ஒழுங்காக உட்கொள்ளுவதாகச் சொன்னவர்களிலும் சிலர் உட்கொள்ளவில்லை என்பது தெரியவந்தது. எனவே அடுத்த ஆண்டுகளில் வாரம் இரு முறை ஊழியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை அந்நிலையம் ஆராய்ந்து வெற்றி கண்டது. இன்று உலகெங்கும் காசநோய்க்கு நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறைக்கு வேர் அங்கேதான் ஊன்றப்பட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே வெல்லவில்லை. நாள் தவறாமல் வந்து, பெயர் சொல்லி அழைத்து, மாத்திரையை விழுங்கும்வரை அருகில் நின்ற ஓர் ஊழியரின் பொறுமையே வென்றது.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. ஒரு காலத்தில் திருச்சிக்கும் தஞ்சைக்கும் ஓடிய நம் மக்களுக்கு இது பெரும் ஆறுதல். எனினும் கட்டடமும் மருத்துவரும் மருந்தும் பெருகினால் மட்டும் போதாது. நான்காம் கூறும் அறிவில் வளர வேண்டும்.

மருந்து பெறும் ஒவ்வொருவரும் ஐந்து கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கப் பழகுவோம். இந்த மருந்தின் பெயர் என்ன? எதற்காக? எத்தனை, எப்போது, உணவுக்கு முன்னா பின்னா? எத்தனை நாள்? என்ன துன்பம் தோன்றினால் திரும்பி வர வேண்டும்? முன்னரே உட்கொள்ளும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் சென்று காட்டுவோம். ஒவ்வாத மருந்தின் பெயரை ஓ.பி. சீட்டின் மேலேயே பெரிதாக எழுதச் சொல்லுவோம். வீட்டு அலமாரியில் காலம் கடந்த மருந்துகளை அகற்றி, எஞ்சியவற்றைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்போம்.

மருந்து தரும் பணியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் காணும் உங்களுக்குச் சலிப்பு ஏற்படுவது இயல்பே. ஆனால் வேப்பந்தட்டையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த முதியவருக்கு அந்த நாளில் இருப்பது ஒரே சீட்டு; அவர் கேட்கப்போவது உங்கள் ஒருவரின் சொல் மட்டுமே. 'தாத்தா, இது காலையில் சாப்பிட்டபிறகு. இது இரவில் ஒன்று. எங்கே, ஒரு முறை சொல்லுங்கள் பார்ப்போம்' என்று கேட்டு, அவர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்தவரை அழையுங்கள்.